கமாண்டர் துருவனுக்குச் சரியாக அழாதவள்

கமாண்டர் துருவன் ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு ஐம்பதுக்கு உயிர் நீத்தார். திங்கள் காலை பால் வண்டி வருவதற்குள் அம்பத்தூரிலிருந்து ஆவடி வரை சி.டி.எச். ரோட்டின் இரண்டு பக்கமும் அவருக்குக் கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி ஒட்டியாகிவிட்டது. இந்த வட்டாரத்தில் ஒரு மழைநீர்க் கால்வாய்க்கு மூடி போட மூன்று வருஷம் ஆகும். துக்கம் என்று வந்துவிட்டால் மட்டும் யாரும் ஒரு பொழுதுகூடத் தள்ளிப் போடுவதில்லை.

துருவன் என்பவர் 'விண்வாசல்' என்ற தொலைக்காட்சித் தொடரில் வரும் விண்வெளிக் கப்பலின் தலைவர். ஞாயிறுதோறும் மாலை ஆறு மணிக்கு வருவார். ஏழு வருஷமாக வந்துகொண்டிருந்தார். கப்பல் தெர்மாகோலில் செய்தது. யாராவது வேகமாக நடந்தால் சுவர் ஆடும். அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தால் ரசிகராக இருக்க முடியாது.

சுவரொட்டியில், 'விண்ணுலகு எய்திய எங்கள் கமாண்டருக்கு' என்று போட்டிருந்தது. ஏழு வருஷமாக அவர் அங்கேதான் இருந்தார் என்பது ரசிகர் மன்றத்தில் யாருக்கும் உறைக்கவில்லை. துருவனின் படத்தைவிட மண்டலத் தலைவர் கோவிந்தராஜின் படம் பெரிதாக இருந்தது. அதற்குக் கீழே பதினோரு சின்னப் படங்கள். கடைசிப் படம் ஹேமாவதி. 'தாங்கொணாத் துயரில் துடிக்கும் மகளிர் அணிச் செயலாளர்.' மன்றத்தில் வேறு பெண்கள் கிடையாது என்பதால் அணியும் அவள்தான், செயலாளரும் அவள்தான். படம் அவளுடைய தொழிற்சாலை அடையாள அட்டைக்காக எடுத்தது. அதில் யாரோ காலை மிதித்துவிட்ட மாதிரி இருப்பாள். மன்றத்துக்கு அதுவே வசதியாகப் போயிற்று.

ஆவடியில் ராணுவச் சீருடை தைக்கிற தொழிற்சாலையில் அவள் தையல் சரிபார்ப்பவள். அன்று காலை அவள் உள்ளே நுழைந்ததும் தையல் பிரிவே எழுந்து நின்றது. சாயங்காலம் குடியிருப்புக்குத் திரும்பினால் எதிர்வீட்டு சுசீலா தூக்குப் பாத்திரத்தில் எலுமிச்சை சாதத்தோடு காத்திருந்தாள்.

"நீ அடுப்பு மூட்டாத ஹேமா. போஸ்டர்ல மொகத்தப் பாத்தாலே தெரியுது, மிலிட்டரில இருந்தவரு. உன் சைடா, உங்க வீட்டுக்காரர் சைடா?"

"டிவி சைடு," என்றாள் ஹேமாவதி.

"அங்க கூட உங்களுக்குச் சொந்தம் இருக்கா," என்று சுசீலா பெருமூச்சு விட்டாள்.

ஹேமாவதியின் கணவர் சிவராமனும் அரசாங்கத் தொழிற்சாலைக்காரர்தான். அவர் மறுபேச்சில்லாமல் உட்கார்ந்து மூன்று தட்டு சாப்பிட்டார். ஏழு வருஷத்தில் முதல் தடவையாக அந்தத் தொடரை அவருக்குப் பிடித்திருந்தது.

துடித்தாளா என்று கேட்டால், ஹேமாவதிக்குச் சொல்லத் தெரியவில்லை. அழுகை வந்தது உண்மை. துருவன் கப்பலின் கதவை வெளியே நின்றபடியே சாத்திவிட்டு, கண்ணாடி வழியாகத் தன் ஆட்களைப் பார்த்துக் கையை மட்டும் தூக்கியபோது அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அத்தோடு அவர் நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஆக்சிஜன் குழாய் அறுந்த பிறகு அவர் பதினோரு நிமிஷம் பேசினார். இனத்தின் பெருமை, தாயின் மேன்மை, ஏரிகளைத் தூர் வாருவது என்று எதையும் விடவில்லை. ஒன்பதாவது நிமிஷம் அவளுக்குச் சிரிப்பு வந்தது. பத்தாவதில், 'சீக்கிரம் போய்ச் சேருய்யா' என்று நினைத்தாள். பதினொன்றில் போய்ச் சேர்ந்தார். அப்பாடா என்று இருந்தது. அடுத்த நொடியே, அடிப் பாவி, என்ன மனசுடி உனக்கு என்றும் இருந்தது.

முதல் மூன்று வருஷம் துருவன் வேறு மாதிரி ஆள். கப்பலில் ஏதாவது பழுது என்று ஓடி வந்து கேட்டால், "எனக்குத் தெரியாது. போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்," என்பார். போய்ப் பார்ப்பார். வந்தும் சொல்வார். அப்படி ஓர் ஆண்பிள்ளையை ஹேமாவதி நாற்பத்தாறு வயதுக்குள் வேறெங்கும் பார்த்ததில்லை. சிவராமன் பூந்தமல்லிக்கு என்று கிளம்பி, வழி கேட்காமல் திருவள்ளூர் வரை போய்விட்டு, அங்கேதான் வேலை இருந்தது என்பவர். பிறகு சேனலில் யாரோ துருவனுக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார்கள். நாலு வருஷமாக அவர் எங்கேயும் போகவில்லை, எதையும் பார்க்கவில்லை. நின்ற இடத்திலேயே பேசினார். அப்படி ஆன முதல் மாதம் ஹேமாவதி சமையலறையில் தனியாக மூக்கைச் சிந்தியிருக்கிறாள். அப்போது யாரும் சுவரொட்டி ஒட்டவில்லை.

ஆனாலும் அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் விட்டதில்லை. வீட்டில் டிவி இருக்கிறது. ஞாயிறு மாலை அதன் ரிமோட் சிவராமனிடம் இருக்கும், டிவியில் நாலு பேர் ஒருவரை ஒருவர் பேச விடாமல் விவாதித்துக்கொண்டிருப்பார்கள். கைபேசியில் பார்க்கலாம்தான். துருவன் கட்டைவிரல் உயரத்துக்கு வருவார். முடிந்ததும் அதைப் பற்றிப் பேச எதிரே சுவர் இருக்கும். மேனாம்பேட்டில் மன்றத்து மாடியில் பெரிய டிவி. பார்த்து முடித்து அரை மணி நேரம் வாய் ஓயாமல் பேசலாம். 'அந்த நீல மூஞ்சிக்காரன் எதுக்குக் கதவைத் தட்டிட்டு வரான், அவன் எதிரி இல்லையா' என்று அவள் கேட்டால், அங்கே பதினைந்து பேர் அதைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொண்டு யோசிப்பார்கள். வாரத்தில் மற்ற ஆறு நாளும் அவள் சொல்வதை யாரும் யோசிப்பதில்லை. அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் அவள் போனாள்.

புதன்கிழமை மாலை மன்றத்தின் அவசரப் பொதுக்குழு கூடியது.

மன்றம் என்பது கோவிந்தராஜ் வீட்டு மாடி. அவருடைய அப்பா கத்தரிக்காய் போட்ட நிலத்தில் இப்போது நான்கு மாடி நிற்கிறது. தரைத்தளத்தில் அவர் பிளக்ஸ் அச்சடிக்கிறார். பிறந்தநாள், காதுகுத்து, கட்சி மாறுதல், சாவு எல்லாவற்றுக்கும் அவரேதான் அச்சடிப்பவர். துருவனின் மறைவால் அவர் எந்த அளவுக்கு நிலைகுலைந்திருந்தார் என்றால், மறைவு ஒளிபரப்பாவதற்கு இரண்டு நாள் முன்பே சுவரொட்டி தயாராக இருந்தது.

"தோழர்களே," என்று அவர் மைக்கைப் பிடித்தார். பன்னிரண்டுக்குப் பதினாறு அறைக்கு மைக் தேவையில்லை. ஆனால் மைக் இல்லாமல் அவருக்கு மேடைத் தமிழ் வராது. "துருவனை நாம் இழந்துவிட்டோம் என்கிறார்கள். இல்லை. நம்மைத்தான் துருவன் இழந்துவிட்டார். அவர் இருந்தவரை நமக்கு ஒரு தொடர் இருந்தது. இன்று நமக்கு ஒரு வரலாறு இருக்கிறது. நான் இந்தத் தொடரைப் பார்த்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ஏன் பார்ப்பதில்லை என்று கேட்பீர்கள். தொண்டன் பார்ப்பான்; தலைவன் வழிநடத்துவான். இரண்டையும் ஒரே ஆள் செய்தால் இரண்டும் கெட்டுவிடும்."

கைதட்டல் ஓய்ந்ததும் செயலாளர் ஜானகிராமன் எழுந்தார். ஏதோ ஒரு வாரியத்தில் முப்பத்திரண்டு வருஷம் கோப்புகளை ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்கு அனுப்பி ஓய்வு பெற்றவர். பேசினாலும் சுற்றறிக்கை மாதிரியே பேசுவார். ஆளுக்கொரு தாளை விநியோகித்தார். துயர உறுதிமொழிப் படிவம். உறுப்பினர் எண், மறைந்தவருடன் பழக்கம் ஏற்பட்ட ஆண்டு, மறைவை அறிந்த நேரம், முதல் கண்ணீர் வெளிவந்த நேரம். அதில் இடது கண்ணுக்கும் வலது கண்ணுக்கும் தனித்தனிக் கட்டம். கடைசியில், 'துயரத்தின் தன்மை: அ. ஆற்றொணாதது. ஆ. தாங்கொணாதது. இ. இரண்டும்.'

சென்னீர்குப்பத்தில் ஆட்டோ ஓட்டும் முனியன் கையைத் தூக்கினான். "சார், ரெண்டுக்கும் இன்னா சார் வித்தியாசம்?"

"முதலாவதை ஆற்ற முடியாது, இரண்டாவதைத் தாங்க முடியாது," என்றார் ஜானகிராமன். "சாதாரண உறுப்பினர்கள் தாங்கொணாதது போட்டால் போதுமானது. நிர்வாகிகளுக்கு இரண்டும்."

முனியன் திருப்தியாகி எழுத ஆரம்பித்தான். ஹேமாவதி படிவத்தை இரண்டு முறை படித்தாள். தையல் சரிபார்க்கிறவளுக்கு இருக்கிற வியாதி அது. கோணலாகப் போகிற நூலைப் பார்த்தால் கை சும்மா இருக்காது.

"சார், எனக்கு இந்த மூணும் இல்லையே."

"ஏதேனும் விடுபட்டுள்ளதா?"

"அழுகை வந்துச்சு சார். அப்புறம் சிரிப்பும் வந்துச்சு. கடைசில கொஞ்சம் நிம்மதியாவும் இருந்துச்சு. இத எங்க எழுதறது?"

ஜானகிராமன் படிவத்தைத் திருப்பிப் பார்த்தார். காலியாக இருந்தது. "பின்பக்கம் அலுவலக உபயோகத்துக்கு," என்றார், ஏறக்குறைய வருத்தமாக.

கோவிந்தராஜ் முதலில் மைக்கை அணைக்கச் சொன்னார். பிறகுதான் அவருக்குச் சொந்தத் தமிழ் வந்தது. "இன்னாம்மா பேசுற நீ? சாவு ஊட்டுல குந்திகினு நிம்மதின்னுற. நாளைக்கு பூந்தமல்லி மன்றத்துக்காரன் இன்னா சொல்லுவான்? அம்பத்தூரு ஆளுங்களுக்குத் துக்கப்படக்கூடத் துப்பில்லன்னு சொல்ல மாட்டான்?"

"நான் பொதுவா சொல்லலைங்க. எனக்கு அப்பிடி இருந்துச்சுன்னேன்."

"உனக்கு எப்பிடி இருந்தா இன்னா? போஸ்டர்ல துடிக்கிறன்னு போட்டாச்சு. அடிச்சது அடிச்சதுதான்."

விசாரணைக் குழு அமைப்பது என்று தீர்மானம் நிறைவேறியது. விதிப்படி குழுவுக்கு மூன்று பேர் வேண்டும். கோவிந்தராஜ், ஜானகிராமன், அப்புறம் யாரும் முன்வரவில்லை. எனவே சனிக்கிழமை மதியம், கீழ்த்தளத்து அச்சு இயந்திரத்துக்குப் பக்கத்தில் மூன்று நாற்காலி போடப்பட்டது. கோவிந்தராஜ் தலைவர் நாற்காலியிலும் மூன்றாவது உறுப்பினர் நாற்காலியிலும் மாறி மாறி உட்கார்ந்தார். மூன்றாவது நாற்காலியில் உட்காரும்போது அவர் தலைவரை இரண்டு முறை பாராட்டிப் பேசியது குறிப்பேட்டில் இருக்கிறது.

முதல் சாட்சி முனியன்.

"சம்பவத்தன்று இவர் என்ன செய்துகொண்டிருந்தார்?" ஜானகிராமன் கேட்டார்.

"குந்திகினு டிவி பாத்துகினு இருந்தாங்கோ."

"வாயில் ஏதேனும்?"

"முறுக்கு."

"கமாண்டரின் உயிர் பிரியும் தறுவாயில் முறுக்கு கடிக்கப்பட்டதா?"

"கடிச்சாங்கோ. ஆனா சவுண்டு வராம."

"முறுக்கைச் சத்தம் வராமல் எப்படிக் கடிக்க முடியும்?"

"வாய்லயே ஊற வெச்சு சார். அதான் மரியாத."

"நீங்கள் என்ன செய்தீர்கள்?"

"நான் ஒரு பாக்கெட்டு முடிச்சுட்டேன் சார். துக்கம்னா எனக்குப் பசிக்கும்."

'சாட்சிக்குத் துக்கத்தில் பசித்தது' என்று ஜானகிராமன் எழுதிக்கொண்டார்.

கோவிந்தராஜ் இப்போது மூன்றாவது நாற்காலிக்கு மாறினார். அந்த நாற்காலியில் அவருக்கு யோசனைகள் வந்தன. அந்தக் காட்சியைத் திரும்பப் போட்டுக் காட்டுவது. ஹேமாவதிக்கு எந்த நிமிஷத்தில் என்ன வருகிறது என்று குறித்துக்கொள்வது. ஜானகிராமன் தன் கைபேசியை ஒரு காதுகுத்து பிளக்ஸ் மேல் சாய்த்து வைத்தார். துருவன் கதவைச் சாத்தினார். கையைத் தூக்கினார். ஹேமாவதியின் கண் கலங்கியது. ஜானகிராமன் நேரம் குறித்தார். துருவன் பேசத் தொடங்கினார். ஏரிகளுக்கு வந்ததும் ஹேமாவதி உதட்டைக் கடித்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து ஜானகிராமன் சட்டென்று அலமாரிப் பக்கம் திரும்பி, அவசரமாக எதையோ தேடினார். அவர் தோள் குலுங்கியது.

"இன்னா சார், அழுவுறீங்களா?" என்றார் கோவிந்தராஜ்.

"ஆம்," என்றார் ஜானகிராமன், திரும்பாமல். "இரண்டும்."

தீர்ப்பு அன்றே வந்துவிட்டது. பதினாறாம் நாள் நிகழ்ச்சியில் ஹேமாவதி மேடையேறி உறுதிமொழி வாசிக்க வேண்டும். வாசித்தால் அவள் மன்றத்தில் இருக்கலாம், ஞாயிறு மாலை மாடிக்கு வரலாம். இல்லையென்றால் நிரந்தர நீக்கம். மாடிப்படியில் கால் வைக்கக்கூடாது. வாசகத்தைத் தட்டச்சு செய்து கையில் கொடுத்தார்கள். 'மறைந்த கமாண்டரின் பொருட்டு எனக்குத் துயரம் தவிர வேறெந்த உணர்வும் ஏற்படவில்லை என்றும், அவ்வாறு ஏற்பட்டிருப்பின் அது என் அனுமதியின்றி ஏற்பட்டது என்றும் இதனால் உறுதியளிக்கிறேன்.'

வீட்டில் அதைப் படித்துவிட்டு சிவராமன், "படிச்சுட்டு வந்துடேன்," என்றார். "பேப்பர்ல இருக்கறதப் படிக்கறதுல என்ன போச்சு? வருஷா வருஷம் பேக்டரில நாங்க கையை நீட்டிகிட்டு எத்தனை உறுதிமொழி படிக்கறோம். எதாவது ஞாபகம் இருக்கா எனக்கு?"

அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை என்பதுதான் ஹேமாவதிக்குக் கஷ்டமாக இருந்தது. ஒரு நிமிஷம் வாசித்தால் போதும். காலத்துக்கும் ஞாயிற்றுக்கிழமை அவளுடையது.

பதினாறாம் நாள் திங்கட்கிழமையில் விழுந்தது. திங்களன்று யாருக்கும் லீவு கிடைக்காது. எனவே மன்றம் கூடி, பதினைந்தாம் நாளாகிய ஞாயிற்றுக்கிழமையையே பதினாறாம் நாள் என்று தீர்மானம் போட்டது. ஆடி மாசம் என்பதால் வேலப்பன்சாவடியில் ஒரு கல்யாண மண்டபம் சும்மா கிடந்தது. வாசலில் வாழைமரம் கட்டலாமா கூடாதா என்று சர்ச்சை வந்து, ஒரு பக்கம் மட்டும் கட்டினார்கள். மேடையில் பதினெட்டு அடி உயரத்துக்குத் துருவன். அவர் தோளில் கை போட்டபடி, கணினி உபயத்தில், இருபது அடி உயரத்துக்குக் கோவிந்தராஜ்.

படத்தைத் திறந்துவைக்கத் துருவனாக நடித்த அசோக்கையே அழைத்திருந்தார்கள். அவர் வந்து இறங்கியதும்தான் சிக்கல் தெரிந்தது. மறைந்தவர் மேடையில் எங்கே உட்காருவார்? ஜானகிராமன் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். மறைந்தவரின் குடும்பத்தாருக்கு முதல் வரிசை. மறைந்தவருக்கு ஆணியில் இடம். கடைசியில் அவரைப் படத்துக்குக் கீழே, சற்றுத் தள்ளி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கோவிந்தராஜ் படத்துக்கு ஆளுயர மாலை போட்டுவிட்டு, பழக்கதோஷத்தில் அவர் பக்கம் திரும்பி, "கடைசி வரைக்கும் கஷ்டப்படாம போனாருங்களா?" என்று துக்கம் விசாரித்தார். இரண்டு நிமிட மௌன அஞ்சலிக்கு எல்லாரும் எழுந்தபோது அசோக்கும் எழுந்தார். தனக்கே அஞ்சலி செலுத்தும்போது கையை எங்கே வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை. ஒருமுறை கும்பிட்டார், பிறகு எடுத்துவிட்டார்.

பேசச் சொன்னார்கள். அசோக் நல்ல மனிதர், எழுதிக் கொண்டுவரவில்லை.

"உண்மையச் சொன்னா எனக்கு ரொம்ப நிம்மதியா இருக்குங்க," என்று ஆரம்பித்தார். "ரெண்டு வருஷமா டைரக்டர்கிட்ட, என்னைக் கொன்னுடுங்க சார்னு கேட்டுக்கிட்டேதான் இருந்தேன். அந்த ஹெல்மெட்டுக்குள்ள வேர்க்குரு. அதுகூடப் பரவால்ல. ஆக்சிஜன் இல்லாம பதினோரு நிமிஷம் பேசினேன். எழுதினவரு ஆக்சிஜனோட எழுதியிருந்தாரு. ஆனா கடைசி நாள் அந்த டிரஸ்ஸக் கழட்டிக் குடுத்தப்போ, என்னமோ தெரியல, கார்ல அழுதேன். ரெண்டும்தான் இருந்துச்சு."

ஹேமாவதி முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

கோவிந்தராஜ் எழுந்து மைக்கைப் பக்குவமாக வாங்கிக்கொண்டார். "மறைந்தவர் மனம் போன போக்கில் பேசிவிட்டார். துருவனைப் பற்றி நம்மைவிட இவருக்கு அதிகம் தெரியும் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. இவர் உள்ளே இருந்தவர். உள்ளே இருப்பவனுக்கு என்ன தெரியும்? வெளியே நின்று பார்த்தவர்கள் நாம். நாம்கூட இல்லை, வெளியே நின்று பார்க்காமலே உணர்ந்தவன் நான். அடுத்து மகளிர் அணி."

ஹேமாவதி மேடையேறினாள். தாளைப் பிரித்தாள். தன் பெயர், எண், ஊர் எல்லாவற்றையும் கணீரென்று வாசித்தாள். 'துயரம் தவிர வேறெந்த உணர்வும்' என்ற இடத்துக்கு வந்ததும் நின்றாள். மேனாம்பேட்டு மாடி ஞாபகத்துக்கு வந்தது. பதினைந்து பேர் தலையைச் சாய்த்து அவள் சொன்னதை யோசிப்பது ஞாபகத்துக்கு வந்தது. அடுத்த வரியை வாசித்துவிட்டால் அது அவளுக்கு இருக்கும். ஆனால் அங்கே போய் உட்கார்ந்து இனிமேல் எதைப் பேசுவது?

"இது பொய்யா இருக்குங்க," என்றாள்.

"படிம்மா, பொய்யா நெஜமான்னு நாங்க பாத்துக்கறோம்," என்றார் கோவிந்தராஜ், மைக்குக்கு வெளியே.

"அந்த மனுசன் ஆரம்பத்துல தெரியாததத் தெரியாதுன்னு சொல்லுவாருங்க. அதுக்குத்தான் எனக்குப் பிடிச்சுது. அவருக்கு அழறேன்னு சொல்லிட்டு, இந்தப் பேப்பர வெச்சுப் பொய் சொன்னா அசிங்கமா இருக்காதா? நல்ல மனுசன், பேசிப் பேசியே கெட்டாரு. நிறுத்தினாங்களேன்னு நிம்மதி. இனிமே வரமாட்டாரேன்னு அழுகை. ரெண்டும் ஒண்ணாதான் வந்துச்சு, நான் தனித்தனியா பிரிக்கல."

மண்டபத்தில் ஒரே ஒரு கைதட்டல் கேட்டது. எல்லாரும் திரும்பியதும் முனியன் உள்ளங்கையைப் பார்த்து, "கொசு," என்றான்.

உணர்ச்சி வரம்பு மீறல் என்ற பிரிவின் கீழ் ஹேமாவதி அங்கேயே நீக்கப்பட்டாள். அசோக்குக்குக் காரணம் கேட்கும் கடிதம் கொடுத்தார்கள்: பதினைந்து நாளில் தக்க விளக்கம் வராவிட்டால் அவர் மறைந்தவராகக் கருதப்பட மாட்டார். அசோக் அதை வாங்கி, கையெழுத்துக் கேட்கிறார்களோ என்று நினைத்து, 'அன்புடன்' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார்.

சேனல் இரண்டு ஞாயிறு துருவனின் பழைய காட்சிகளையே போட்டுச் சமாளித்தது. அதற்கடுத்த ஞாயிறுதான் புதுக் கதை. துருவன் இல்லாத முதல் வாரம்.

ஐந்தே முக்காலுக்கே ஹேமாவதிக்குக் கால் நிலைகொள்ளவில்லை. இத்தனை நேரம் மேனாம்பேட்டுப் படியேறியிருப்பாள். கூடத்தில் சிவராமன் ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு, நாலு பேர் கத்துவதைக் கண்ணை மூடியபடி பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கைபேசியைச் சமையல் மேடையில் உப்பு ஜாடிமேல் சாய்த்து வைத்தாள். அழைப்பு மணி அடித்தது.

வாசலில் ஜானகிராமன். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. கக்கத்தில் ஒரு கோப்பு.

"ஹேமாவதி, உறுப்பினர் எண் நாற்பத்தொன்று?"

"ஏழு வருஷமா என்னைத் தெரியாதா சார் உங்களுக்கு?"

"அடையாளத்தை உறுதி செய்வது விதி. நீக்க உத்தரவை நேரில் கையில் கொடுத்து ஒப்புதல் கையெழுத்துப் பெற வேண்டும்." அவர் கண் அவளைத் தாண்டிக் கூடத்துக் கடிகாரத்துக்குப் போனது. "இன்னும் நாலு நிமிஷம் இருக்கிறது," என்றார்.

உள்ளே வந்து உட்கார்ந்தார். மூன்று முத்திரை குத்திய தாளை வெளியே எடுத்தார். முத்திரையைக் கண்டதும் சிவராமன் விழித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். முப்பது வருஷ அரசாங்க உத்தியோகம்; முத்திரையைக் கண்டால் அவருக்கு முதுகு தானாக நேராகிவிடும்.

"சார், தாங்கள்தான் குடும்பத் தலைவரா? உத்தரவு வழங்கப்படும்போது சம்பந்தப்பட்ட பொருள் எதிரே இருக்க வேண்டும்."

"எந்தப் பொருள்?"

"விண்வாசல்."

சிவராமன் இரண்டு கையாலும் ரிமோட்டை நீட்டினார்.

"மாடில எல்லாரும் பாக்கலையா சார்?" என்றாள் ஹேமாவதி.

ஜானகிராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் பேசியபோது சுற்றறிக்கை போய், ஆள் பேசுகிற மாதிரி இருந்தது. "டிவிய அணைச்சு வெச்சிருக்காங்கம்மா. புதுசா வர்ற கமாண்டர ஏத்துக்கறதா வேண்டாமான்னு தீர்மானம் ஆகற வரைக்கும் யாரும் பாக்கக் கூடாதாம். ஆறு மணிக்குத் தலைவர் பேச ஆரம்பிப்பாரு. எப்ப முடிப்பாருன்னு யாருக்குத் தெரியும். இந்த உத்தரவ யாராவது கொண்டுபோய்க் குடுக்கணும்னாங்க. நானே போறேன்னுட்டேன்."

ஆறு மணிக்குத் தொடர் ஆரம்பித்தது. கப்பலின் நடுவே துருவனின் நாற்காலி காலியாக இருந்தது. பத்து நிமிஷம் யாரும் பேசவில்லை. அந்தத் தொடரில் நாலு வருஷமாக நடக்காத சங்கதி. அந்தப் பக்கமாகப் போன ஒரு சின்னப் பொறியாளன் நாற்காலியின் கைப்பிடியைத் தொட்டுவிட்டுப் போனான். அவ்வளவுதான். ஹேமாவதி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை. பக்கத்தில் ஜானகிராமனின் மூக்கும் சத்தம் போட்டது. யாரும் நேரம் குறிக்கவில்லை.

ஆறேகாலுக்குப் புதுக் கமாண்டர் கம்பீரமாக வந்து, கதவில் தலையை இடித்துக்கொண்டார். சுவர் ஆடியது. இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்கள்.

"இவரு தேறுவாரா சார்?"

"கஷ்டம். ஆனா பேச்சு கம்மியா இருக்கு. பாப்போம்." பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த நீல மூஞ்சிக்காரன் இன்னிக்கும் கதவத் தட்டிட்டுத்தான் வந்தான், கவனிச்சீங்களா?" என்றார். அதை அவர்கள் ஏழு மணி வரைக்கும், அதற்கு மேலும் பேசினார்கள்.

ஏழரைக்கு ஹேமாவதி பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள். ஜானகிராமன் மையை ஊதி உலர்த்தி, கோப்பில் வைத்தார்.

"இது முதல் பிரதி. உத்தரவு மூன்று பிரதிகளில் வழங்கப்பட வேண்டும். வாரத்துக்கு ஒரு பிரதிதான். அதுவும் ஞாயிறு மாலை."

"இது எந்த விதில இருக்கு சார்?"

"இன்னிக்குக் காலைலதான் சேர்த்தேன்."

"மூணும் முடிஞ்சா?"

"மேல்முறையீடு பண்ணுங்க. அத விசாரிக்கக் குழு போடணும், மூணாவது ஆள் கிடைக்கணும். ஒரு வருஷத்துக்குக் குறையாது." செருப்பை மாட்டிக்கொண்டு, படியில் ஒரு கால் வைத்தவர் திரும்பி, சற்றுத் தயங்கினார். "இன்னொண்ணும்மா. அடுத்த வாரத்துலேருந்து உத்தரவு குடுக்கறப்போ சாட்சி ரெண்டு பேர் கூட இருக்கணும். முனியன் வர்றேன்னு சொல்லியிருக்கான். இன்னொரு இடத்துக்குப் பதிமூணு பேர் பேர் குடுத்திருக்காங்க. பாய் இருக்கில்ல வீட்டுல?"